லைன் அறுந்தால் என்ன செய்வீர்கள்?

போர் முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு இன்டர்நெட்டை மாற்ற வேண்டி வந்தது. நாங்கள் அப்போது டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சிறு நகரத்தில் இருந்தோம். அதுவரை இணைப்புத் தந்த சிறிய நிறுவனம் தொழிலை மூடப்போவதாகக் கடிதம் போட்டிருந்தது. வேறு காலமென்றால் அந்தக் கடிதம் ஒரு மாதம் மேசையில் கிடந்திருக்கும். அந்தப் பங்குனியில் அப்படி விட முடியவில்லை. என் மனைவியின் தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் என நாலு பேர் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அவர்களைப் பற்றி ஏதாவது தெரியவந்தால் அது மின்னஞ்சலில்தான் வரும் என்று நம்பியிருந்தோம்.

மூன்று நிறுவனங்களின் விளம்பரத்தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பினேன். எது வேகமானது என்பதுதான் என் கணக்கு. முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்த மனைவி மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்தாள். மூன்று இடத்திலும் டேனிஷில் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "உங்கள் லைன் அறுந்தால் நாங்கள் என்ன செய்வது?"

முதலாமவர், எங்கள் லைன் அறுவதில்லை என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இரண்டாவதாகப் பேசிய பெண், ஐந்து வேலைநாளுக்குள் ஆள் வரும் என்றாள். மூன்றாமவர் வயதான மனிதர் போலிருந்தார். டென்மார்க்கின் மேற்கு யூலாந்துப் பக்கத்துப் பேச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டார்.

"பழைய டயல்-அப் இருக்கிறது. ஒரு இலக்கம் தருவோம். உங்கள் சாதாரண தொலைபேசி வேலை செய்தால் போதும். தனிக் கட்டணம் இல்லை. ஆனால் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இப்போதும் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப அழைக்கிறேன்."

அரை மணித்தியாலத்தில் அழைத்தார். "இயங்குகிறது. நானே அடித்துப் பார்த்தேன்" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்தவர் போன்ற சந்தோஷத்துடன்.

"உது இப்ப ஆருக்குத் தேவை? மற்றது இரண்டு மடங்கு ஸ்பீட்" என்றேன் நான்.

"நான் ஊரிலை நாலு வருசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலை வேலை செய்தனான்" என்றாள் அவள். "ஒரு பக்கம் அறுந்தால் மற்றப் பக்கத்தாலை சுத்திக் குடுப்பம். மற்றப் பக்கமும் இல்லாட்டி கோல் எடுக்க வந்த சனத்தைத் திருப்பி அனுப்ப வேணும். அந்த முகங்களை நீங்கள் பாக்கேல்லை."

மூன்றாமவரின் இணைப்பையே எடுத்தோம். புதிய கொம்பியூட்டரில் மோடம் இல்லாதபடியால் நிலவறையில் கிடந்த பழையதைத் துடைத்து மேலே கொண்டுவந்தேன். சனிக்கிழமைதோறும் அவள் டயல்-அப்பை ஒருதரம் சோதித்துப் பார்ப்பாள். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் மகள் தன் அறையிலிருந்து டேனிஷில் கத்துவாள்: "அம்மா, யாரோ ரோபோவைக் கொல்லுகிறார்கள்!"

வைகாசியில் போர் முடிந்தது என்று டேனிஷ் செய்தியிலும் சொன்னார்கள். தொழிற்சாலையில் என்னோடு துணி வெட்டுகிற டேனிஷ்காரன், "இனி நல்லதுதானே?" என்று கேட்டான். தலையாட்டிவிட்டு அடுத்த துணியை விரித்தேன்.

அந்த வாரமே வவுனியாவிலிருந்து மனைவியின் பள்ளித் தோழி ஒருத்தி அழைத்தாள். அவள் கன்னியாஸ்திரி. மற்றச் சகோதரிகளோடு முகாம்களுக்குள் போய், வன்னியிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எழுதின தாளுகளை ஸ்கான் பண்ணி உனக்கு அனுப்பியிருக்கிறன். தம்பியின்ரை பேர் இருக்கோ எண்டு பாக்க எனக்கு நேரமில்லை. நீ பார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கொம்பியூட்டரைப் போட்டால் இன்டர்நெட் இல்லை. முதல்நாள் இடி விழுந்து எக்ஸ்சேஞ்சில் ஏதோ எரிந்துவிட்டதாம். தொலைபேசிகள் வேலை செய்தன. ஊரில் பாதிக்கு புரோட்பாண்ட் நின்றுபோயிருந்தது. அன்று இயேசுவின் விண்ணேற்ற விழா விடுமுறை. நூலகமும் பூட்டு. திருத்துகிறவர்கள் விடுமுறை கழிந்துதான் வருவார்கள் என்று பதிவுசெய்த குரலொன்று சொன்னது.

மனைவி என்னைப் பார்க்கவுமில்லை, நான் சொன்னேனே என்று சொல்லவுமில்லை. பழைய கொம்பியூட்டரின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். மகள் தானாகவே போய், ஒருவரும் ரிசீவரைத் தூக்காதபடி தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு தாள் திறக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. படம் மேலிருந்து கீழே, ஒவ்வொரு விரற்கடையாக இறங்கி வந்தது. பெயரின் தலைப்பாகம் முதலில் தெரியும், எழுத்துகளின் மேற்புள்ளியும் விசிறியும். அது யாருடைய பெயரென்று அறிய மிச்சப் பாதி இறங்கும்வரை இருக்க வேண்டும். மனைவி ஒவ்வொரு பெயராக வாய்க்குள் வாசித்தாள். மூன்று தாள்கள் முடிந்தன. நாலாவது தாளின் நடுவில் அவள் விரல் நின்றது.

தம்பியின் பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்து சரி. ஊர் சரி. நான் அவள் தோளைப் பிடித்தேன். அவளோ விரலைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள். அது அப்போதுதான் தெளிந்தது: குடும்பத்தில் ஐந்து பேர்.

"இது அவன் இல்லை" என்றாள். "அவையள் நாலு பேர்."

"பிழையா எழுதியிருப்பினம்."

"சிஸ்டர்மார் பிழையா எழுதமாட்டினம்."

பின்னேரம் அயலிலிருந்து மூன்று தமிழ்க் குடும்பங்கள் வந்தன. அவர்கள் வீடுகளிலும் இன்டர்நெட் இல்லை. இரண்டு குடும்பத்துக்குத் தங்கள் ஆட்களின் பெயர் கிடைத்தது. மனைவியோடு வேலை செய்கிற ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "திரும்ப ஒருக்கா முதல் தாளிலையிருந்து பாப்பமோ?" என்று கேட்டாள். பார்த்தோம். பிறகு வந்த பட்டியல்களிலும் அவளுடைய ஆட்களின் பெயர் இருக்கவில்லை. அதை எழுதாமல் விடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம், தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். கன்னியாஸ்திரியின் கைத்தொலைபேசியிலிருந்து பேசியவன் மனைவியின் தம்பி. குரல் எனக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"அக்கா, நாங்கள் இருக்கிறம்."

"எல்லாருமோடா?"

"ஓம், எல்லாரும்."

"அஞ்சு பேர் எண்டு எழுதியிருக்கு. நீங்கள் நாலு பேரெல்லோ?"

அந்தப் பக்கத்தில் சிரித்தது போலொரு சத்தம். "இடையிலை ஒரு ஆள் வந்திட்டா, அக்கா. மாசியிலை. நீ யோசிப்பாய் எண்டுதான் முந்திச் சொல்லேல்லை. தறப்பாள் கூடாரத்துக்குள்ளைதான் பிறந்தவ. பொம்பிளைப் பிள்ளை."

மனைவி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. மகள் ஓடிவந்து அவள் பக்கத்தில் இருந்துகொண்டு, "என்னம்மா, என்ன?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"பக்கத்திலைதான் நித்திரையா இருக்கிறா" என்றான் தம்பி. "எழுப்பட்டோ? குரலைக் கேக்கலாம்."

"வேண்டாமடா" என்றாள் மனைவி. "படுக்கட்டும். எழுப்பாதை."