முதுகு காட்டும் மரியாதை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தேவாலயத்தில் பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நான் மட்டுமல்ல... இருபது பேர்!

அழைத்துப்போனவள் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கத்துக்காரி, எனக்கு பிளவுஸ் தைப்பவள். கணவர் அருளப்பன் பெயின்டர். பிறவியிலேயே காது கேட்காது. அவரைப் போன்றவர்களுக்காக மாதம் ஒருமுறை சைகையிலேயே பூசை நடக்கிறது. "வாங்கக்கா, சத்தமே இல்லாம ஜம்முனு இருக்கும்" என்றாள்.

ஜம்மென்றுதான் இருந்தது. பூசைக்கு முன் கைகளாலேயே ஊர்க்கதை, சிரிப்பு, செல்லச் சண்டை. ஜன்னல் வெயிலில் விரல்கள் மிதந்தன. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற மாதிரி கிறங்கிப் போயிருந்தேன்.

திடீரென்று எல்லோரும் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனமாம், அதாவது பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது. நாமென்றால் சாமியாரின் காதோடு கிசுகிசுக்கலாம். கையால் கிசுகிசுக்க முடியுமா? பார்க்கிறவர்களுக்கெல்லாம் 'கேட்டு'விடுமே! அதனால் இந்த ஏற்பாடு. எவ்வளவு அழகான மரியாதை!

அருளப்பன் எழுந்து, பீடத்தருகே இருந்த பாதிரியாரிடம் போனார். ஸ்டெல்லா நகத்தைக் கடித்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அவுரு சொல்றத நான்தான்க்கா ஃபாதர்கிட்ட எடுத்து சொல்லிக்கினு இருந்தேன். இந்த ஃபாதருக்கே சைகை தெரியுமாம். நான் வேணாமாம்!"

"முன்னெல்லாம் என்ன சொல்வார்?"

"கோவப்பட்டேன், குடிச்சேன்... எப்பவும் அதே ரெண்டுதான். ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். இப்ப கால் மணி நேரம் ஆவுது. இன்னாக்கா சொல்லிக்கினு கீறாரு?"

மனைவி மூலமாகத்தான் பாவத்தைச் சொல்லலாம் என்று சட்டம் வந்தால், நம் வீட்டு ஆண்களின் பட்டியல் எவ்வளவு நீளும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கோ கண் கலங்கியிருந்தது. லேசாகத் திரும்பினால் போதும், அத்தனையும் தெரிந்துவிடும். அவள் திரும்பவில்லை.

நான் திரும்பிவிட்டேன். புத்தி!

அருளப்பன் அழுதுகொண்டிருந்தார். மூக்குத்தியைத் திருகுவது போல மறுபடி மறுபடி ஒரே சைகை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. மூக்குத்தி என்றால் ஸ்டெல்லா. எனக்குத் தெரிந்த ஒரே சைகை அதுதான். (பெயர்களையும் சைகையையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவ்வளவு மரியாதையாவது எனக்கு வேண்டாமா?)

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கவனித்துவிட்டாள்.

"பாத்தீங்களாக்கா? என்னியப் பத்தி எதுனா சொன்னாரா?"

"எனக்கு எங்கே சைகை தெரியும்?" என்றேன்.

அருளப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பேச வேண்டிய கைகள் அப்படியே கிடந்தன.

தேவாலயத்துக்குள்ளேயே ஒரு பொய்... வரிசையில் அடுத்த ஆளாக நான் அல்லவா நின்றிருக்க வேண்டும்!