பத்திரிகையில் வந்த தாய்மாமன்

என் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது, அச்சகத்துக்காரர் தாய்மாமன் பெயரைக் கேட்டார். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தப் பெயர் இல்லாமல் பத்திரிகை கிடையாது. என் அண்ணன் என்னோடு பேசி எட்டு வருஷம். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டேன், அவ்வளவுதான். மாடியில் குடியிருக்கும் லாரி டிரைவரின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை. எனக்குப் பிரசவ வலி வந்த அன்று, ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு லோடோடு என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவர். கல்வராயன் மலையில் ஒரு வீடு இருந்தது என்பார். அதில் யார் இருந்தார்கள் என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

பத்திரிகை அடித்து வந்த ஞாயிறு, அவரும் என் மகளும் டிவியில் ஒரு கார்ட்டூன் படம் பார்த்தார்கள். வழிதவறிய கரடிக்குட்டியை ஒரு முள்ளம்பன்றியும் இரண்டு வாத்துகளும் வளர்க்கின்றன. வளர்ந்த கரடி, பிறந்த குகையின் வாசல்வரை போய், உள்ளே நுழையப் பயந்து மூன்று முறை திரும்பிவிடுகிறது. ஆறடி டிரைவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“மாமா அழுவுறாரும்மா,” என்றாள் மகள். பிறகு, “நீ பொறந்த வூடு எங்கம்மா கீது?”

“தியாகதுருகம்.”

“ரொம்ப தூரமா?”

“பஸ்ல அரை மணி நேரம்.”

அந்த ஊர் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஊர் வந்ததும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். டிரைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “போய்ட்டு வாம்மா. எனக்குப் போய்ப் பாக்க ஆளு இல்ல. உனக்குக் கீது.”

மறுநாள் போனேன். கையில் இருந்ததோ வேறொருவரைத் தாய்மாமனாகப் போட்ட பத்திரிகை. அண்ணன் எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

“யாரு இது?”

சொன்னேன். “ம்,” என்றார். அண்ணி காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஊர்வரை அழுதேன்.

காதுகுத்து அன்று ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்தில், பட்டுப்பாவாடையும் கொலுசும் வைத்த தட்டோடு அண்ணன் பந்தலுக்குள் வந்தார். மகளை மடியில் வைத்திருந்த டிரைவர் பதறி எழுந்தார். “நீங்க உக்காருங்க. மொறைக்காரரு நீங்கதான்.”

“பத்திரிகையில உங்க பேருதான போட்டுகீது? உக்காருங்க.”

குரலில் கோபம் இருந்தது. ஆனால் அண்ணன் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளின் தலையைப் பிடித்துக்கொண்டார். அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததும் உண்மைதான்.

குத்தி முடிந்தது. அழுது முடித்த மகள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க யாரு?”

“உன் மாமன்.”

“இவ்ளோ நாளா எங்க இருந்தீங்க?”

“தியாகதுருகத்துலதான்.”

“ஏன், பஸ்ஸு இல்லியா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். டிரைவர்தான் அவள் தலையைத் தடவினார்.

“அப்பல்லாம் பஸ்ஸு கம்மிம்மா,” என்றார்.