பசி தெரியாது

ஊர் ஊராகப் போய் ஒரு பொருளின் நன்மையை எடுத்துச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு நாக்கு சீக்கிரம் மரத்துப்போய்விடும், காது மட்டும் கடைசிவரை கேட்டுத் தொலைக்கும். பல்பொடி விற்றவர்களுக்கும் இன்ஷூரன்ஸ் பிடித்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் மதராஸில் ஒரு காப்பித்தூள் கம்பெனிக்குப் பிரசாரக்காரனாக இருந்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்கள் என் பொறுப்பு. மணி அடித்துக் கூட்டம் சேர்த்து, ஆளுக்கு அரை டம்ளர் இலவசமாகக் கொடுத்துவிட்டு, மானேஜர் உருப்போட வைத்த நாலு நன்மைகளை ஒப்பிக்க வேண்டும். தலைவலி தீரும், மூளை தெளியும், சோம்பல் போகும், பசி தெரியாது.

தலைவலி

பூந்தமல்லியில் விறகுக்கடைக்காரரின் மனைவி நல்ல வாடிக்கை. ஒருமுறை ரயில் கோளாறில் சரக்கு வராமல், பத்து நாள் தாமதமாகப் போனேன். அந்த அம்மாள் நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தலைவலிக்குக் காப்பியைப் போல மருந்து உண்டா என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"உன் காப்பி வர்றதுக்கு முன்னாடி எனக்குத் தலவலியே கெடையாது நைனா."

தெளிவு

அம்பத்தூரில் ஒரு பெரியவர். மனைவி இறந்து இரண்டு வருஷம். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர், பேச்சுத் துணைக்காகவே என் மணிச் சத்தத்துக்கு முதல் ஆளாக வருவார். அவர் தூள் வாங்க ஆரம்பித்த அடுத்த மாசம், மூளை தெளிவாக இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தெளிஞ்சுதான் கீது. கொஞ்சம் கொஞ்சமா மறந்துகினு வந்தேன். இப்ப தூக்கம் போயி, முழிச்சிகினு அவளயே நெனச்சிகினு கீறேன்."

பெரிய ஆர்டர்

பருத்திப்பட்டில் ஏரிப் பாசனத்தில் பெரிய பண்ணை ஒன்று இருந்தது. நடவுக் காலம். நாற்று நடும் பெண்களுக்குக் காலையில் வரப்பிலேயே கேழ்வரகுக் கூழ் ஊற்றுவது அங்கே வழக்கம். விடிவதற்குள் வயலில் இறங்குகிறவர்களுக்கு அதுதான் அன்றைய முதல் சாப்பாடு.

பண்ணைக்காரர் என் நாலு நன்மைகளையும் பொறுமையாகக் கேட்டார். முதல் மூன்றையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பசி தெரியாது என்றால் எத்தனை நேரத்துக்கு என்று மட்டும் விசாரித்தார். உச்சி வேளை வரைக்கும் தாங்கும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அங்கேயே அவர் சொன்ன ஆர்டர், அதுவரை நான் வேறெங்கும் பிடித்திராத அளவு பெரியது. ஆபீசில் மானேஜர் எழுந்து வந்து என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"இனிமே அந்த நாலாவத மொதல்ல சொல்லுய்யா."

வரப்பு

அடுத்த முறை போனபோது கூழ் ஊற்றும் நேரம். வரப்பில் கூழ்ப்பானையைக் காணோம். கரி பிடித்த அண்டாவில் பாலில்லாத வெல்லக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் சேற்றுக் கையோடு வந்து ஆளுக்கொரு கொட்டாங்கச்சி வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

நேரே பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இலையில் இட்லி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் காப்பி. காப்பியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது என்று என்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார்.

"நீதானேப்பா மணி அடிச்சிகினு வந்து சொன்ன. நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்?"

வேலமரம்

திரும்பும் வழியில் ஏரிக்கரை வேலமரத்தில் ஒரு தூளி தொங்கியது. நடவிலிருந்து கரையேறி வந்த கன்னியம்மா என்ற பெண், அதிலிருந்து குழந்தையை எடுத்துப் பால் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாய் வைப்பதும், விட்டுவிட்டு வீறிடுவதுமாக இருந்தது. மார் மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அழுகை நிற்கவில்லை.

மணிக்காரன் என்று என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீ சொன்னது மெய்தான்யா. எனக்குப் பசி தெரியல. எங்கொயந்தைக்குத்தான் தெரியுது."

அதன் பிறகு நான் மூன்று நன்மைகளைத்தான் சொன்னேன், விற்பனை படுத்துவிட்டது என்று கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது, பருத்திப்பட்டு ஆர்டர் மட்டும் ஒரு மாசம்கூடக் குறையவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.