என்னைக் கண்டால் இருளும் திரை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காபி போடப் போய்விடுகிற ஆள் நான். இதை எழுதவே எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கணவர் காலமான பிறகு அவருடைய பழைய லேப்டாப் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. சமையலறை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் உட்காரும் இடம் அது. கடைசி வருடத்தில், நான் சமையலறையை விட்டு வெளியே வந்தால் போதும், பட்டென்று மூடியை மூடிவிடுவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "முதுகுல கண்ணு வச்சிருக்கீங்களா?" என்று கேட்பேன். சிரிப்பார். கேலியாகத்தான் கேட்டேன், ஆனால் உள்ளுக்குள் உறுத்தியது. வேறு பெண் யாரோ என்றுகூட நினைத்தேன். தலை நரைத்த மனிதரைப் பற்றி என்ன நினைப்பு இது என்று நீங்கள் சிரிக்கலாம். அவர் போன பிறகும் அந்த நினைப்பு என்னை விடவில்லை. என்னிடம் எதை மறைத்தார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு மதியம் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சற்று நேரத்தில் விசிறியும் அடங்கிப்போனது. சார்ஜரை மாற்றினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், இணையத்தில் யார் யாரோ சொன்னபடி பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து ஒரே தடவைதான் அழுத்தினார். திரை பளிச்சென்று வந்தது. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை.

"நல்லாதானே இருக்கு அண்ணி."

"போதும் தம்பி, அப்படியே வைங்க. நான் பாத்துக்கிறேன்."

உள்ளே இருப்பதை எனக்கு முன்னால் அவர் பார்த்துவிடக் கூடாது என்ற அவசரம் எனக்கு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனதும் உட்கார்ந்து கையை வைத்தேன். திரை அணைந்தது. ஓடிப்போய்த் திரும்ப அழைத்து வந்தேன். அவர் தொட்டார், வெளிச்சம் வந்தது. நான் தொட்டேன், இருட்டு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பட்டப்பகல், காரிடாரில் யாரோ துணி காயப்போடுகிற சத்தம் கேட்கிறது, நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன்.

தேக்காவில் ஒரு மாடிக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றார் கடைக்காரர். மேசைமேல் வைத்துப் போட்டும் காட்டினார். சரியாகத்தான் வந்தது. நான் குனிந்து கையை வைத்தேன். அணைந்தது. அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வந்தது.

"அக்கா, இதுக்கு உங்கள புடிக்கல லா," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளப் பிடிக்காமல் காலடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் படத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்டேன். "இருக்கும்போதும் மூடினீங்க. போன பிறகுமா?"

அடுத்த சனிக்கிழமை சப்பாத்திக்கு மாவு பிசைவதற்காக, கையில் கிடந்த காந்த வளையலைக் கழற்றி வைத்தேன். மணிக்கட்டு வலிக்கு நல்லது என்று அவர் வாங்கித் தந்த வளையல். மாவை மூடி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வீம்புக்குத்தான் பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. அணையவில்லை.

ஏதோ பொறி தட்டியது. வளையலை எடுத்து விசைப்பலகை ஓரத்தில் வைத்தேன். இருட்டு. எடுத்தேன், வெளிச்சம். மூடி மூடியிருக்கிறதா என்பதை இந்த லேப்டாப் ஒரு காந்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளுமாம், கொழுந்தனார் பிறகு சொன்னார். என் கை பக்கத்தில் வந்ததும் மூடியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வளையலைத் தூரமாய் வைத்துவிட்டு, லேப்டாப்பில் இருந்தவற்றைத் திறந்தேன்.

உள்ளே பெண் யாரும் இல்லை. அவர் முகம்தான் இருந்தது. லேப்டாப் கேமராவில் தன்னைத்தானே எடுத்த படங்கள், திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக் கண்ணின் வெள்ளையைக் காட்டுகிறார். படத்துக்குப் படம் அந்த வெள்ளை மஞ்சளாகிக்கொண்டே போகிறது. கணையத்தில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் போலவே திடுக்கிட்ட மனிதர், அதற்கு எத்தனையோ வாரம் முன்பே இந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று வாய்விட்டே திட்டினேன்.

பிறகுதான் கவனித்தேன். சில படங்களில் அவர் தோளுக்குப் பின்னால் சமையலறை வாசல் தெரிகிறது. அதில் நான் இருக்கிறேன். ஒன்றில் கையைத் துடைக்கிறேன், ஒன்றில் தட்டோடு வருகிறேன். அந்தப் படங்களில் விரல் இமையை விட்டு இறங்கியிருக்கிறது. அவர் திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படங்களை மூட எதையோ தட்டினேன், கேமரா திறந்துகொண்டது. என் முகம், பின்னால் சமையலறை வாசல். மூடி வைத்த மாவு அப்படியே கிடந்தது. நான் எழுந்திருக்காமல், அந்த வாசலில் யாராவது வருகிறார்களா என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.