தலை எந்தப் பக்கம்

ஏனுங்க அம்மணி, உங்க மருமக கரிப்புடிச்ச சட்டியக்கூடக் கண்ணாடியாத் தேய்க்கறாளாமே? நானும் அப்படித்தானுங்க. அந்தச் சுத்தத்தாலதான் ஒருக்கா பெரிய தப்பு பண்ணிப்போட்டேன்.

கேபிள் டிவி வந்த வருசம், நொய்யலோரத்துல பழைய பட்டணத்தைத் தோண்டுனாங்களே, நானும் கூலிக்குப் போனேன். பட்டணத்துக்கு வெளிய காட்டுல, பாண்டியன் குழின்னு சொல்லுவமே, அந்தக் காலத்துச் சவக்குழி, அதுலதான் எனக்கு வேலை. ஒரு பாசிமணி கெடைச்சாலும் ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருக்கும். எதையும் தொடாம கூப்புடோணும்னு ஆபீசர் தம்பி சொல்லியிருந்தாருங்க.

ஒருநாள் மண்ணை விலக்குனா, சின்னச் சின்ன எலும்பு. ஒரு குழந்தையோடதுங்க. எனக்கு ஒண்ணு தவறுனது உங்களுக்குத் தெரியுமே. மனசு கேக்கல. அத்தனையும் பொறுக்கி, மண்ணு போகக் கழுவி, மொறத்துல வெச்சுப்போட்டேன்.

தம்பி வந்து பாத்தாரு. வையலீங்க, மொகந்தான் வாடிப்போச்சு. நோட்டை விரிச்சு, "தலை எந்தப் பக்கம் இருந்துச்சுங்கம்மா?"ன்னாரு.

நான் அதைப் பாக்கவே இல்லீங்க. "தெக்கேங்க"ன்னு சொல்லிப்போட்டேன். என்ற குழந்தைய நாங்க அப்படித்தான் குழியில வெச்சோம். அவரும் அப்படியே எழுதிக்கிட்டாரு.

எனக்கு ஓரெழுத்துக்கூடத் தெரியாது. என்ற பொய்யி இன்னும் அந்த நோட்டுல இருக்குதுங்க. பெத்தவ அந்தக் குழந்தைய எந்தப் பக்கமாப் பாத்துப் பாத்துக் கெடத்துனாளோ, இனி ஆருக்கும் தெரியப்போறதில்ல.

இருங்க, பால் பொங்குது. எறக்கி வெச்சுட்டு வாரேன்.