குளக்கட்டால் போன நாட்கள்

கலைப்பட்டம் முடித்து ஊருக்கு வந்தபின் நான் அதிகம் பயந்தது சந்திக் கடைக்கார மலர் அக்காவுக்குத்தான். வேலை விளம்பரம் பார்க்க நான் புதுக்குடியிருப்பு வாசிகசாலைக்குச் சைக்கிளில் போகும்போதெல்லாம், “பிள்ளை, நியமனம் வந்திட்டுதோ?” என்று சத்தமாகக் கேட்பார். கடையில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

அதற்காகவே குளக்கட்டால் சுற்றிப் போகத் தொடங்கினேன். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. கூடப் படித்தவர்களும் கொழும்புக்குப் போய்விட்டதால் நாள் முழுவதும் கதைக்காமலே இருக்கப் பழகிவிட்டேன்.

மழை இருட்டாக இருந்த ஒரு காலை, கட்டின் வளைவில் யானை நின்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு வந்த வழியே கத்திக்கொண்டு ஓடினேன். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் வெறுங்காலோடு போய் நின்றது மலர் அக்காவின் கடையில்தான்.

கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார். “யானை திரியிற பாதையாலை ஏன் பிள்ளை தனியப் போனனீ?”

“நியமனம் வந்திட்டுதோ எண்டு நீங்கள் கேப்பீங்கள் எண்டுதான் அக்கா.”

அவர் என் கையிலிருந்த தம்ளரை வாங்கி மறுபடி நிரப்பித் தந்தார்.

இப்போது கடை வழியாகத்தான் போகிறேன். என்னைக் கண்டால் அவர் குனிந்து சாமான் நிறுக்கத் தொடங்கிவிடுகிறார். மற்றவர்களும் கேட்பதில்லை. வீட்டுக்கு வெளியே எவருக்கும் என்னோடு கதைக்க அந்த ஒரு கேள்விதான் இருந்திருக்கிறது.

அதனால் நானே சைக்கிளை நிறுத்தி, “இன்னும் வரேல்லை அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.