செவ்வாய்க்குப் போகிறவர்களின் சிறுநீரகம்

என் தங்கைக்கு அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் அறிவியல் கட்டுரை எழுதும் மாத இதழ் வந்துவிட்டால், லீவு நாளில் பஸ் பிடித்துச் சிங்காநல்லூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் எதிரிலேயே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். கைதட்டாத குறைதான்.

அன்று வாசித்தது விண்வெளி வீரர்களின் சிறுநீரகத்தைப் பற்றி. எடையில்லாமல் மிதப்பதில் எலும்பின் கால்சியம் கரைந்து சிறுநீரில் சேர்கிறது, கல் வரக்கூடும். செவ்வாய் போன்ற நெடும்பயணத்தில் கதிர்வீச்சு சிறுநீரகத்தையே கெடுத்துவிடுமோ என்று ஆராய்ச்சியாளர்கள் அஞ்சுகிறார்கள். நிறையத் தண்ணீர், தவறாத கவனிப்பு என்று கட்டுரையை முடித்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்!

எனக்குள் இருப்பது அவள் தந்த சிறுநீரகம். என் உடம்பு அதை வேற்றாளாக நினைத்துத் தாக்காமலிருக்க, வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும். போட்டால் கை நடுங்கும், எழுத்து கோணிக்கொண்டு போகும். அதனால் எழுதுகிற நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவேன். இந்தக் கட்டுரையையும் நடுங்காத கையால்தான் எழுதினேன். முந்தின வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி அது தேறாது என்று சொல்லிவிட்டார். அவர் திட்டியிருந்தாலாவது தேவலை.

வாசித்து முடித்தவள் நிமிர்ந்தாள். "ஏனுங்கண்ணா, போற வழியில அவிங்களுக்குக் கிட்னி கெட்டுப்போச்சுன்னா என்னங்க பண்ணுவாங்க? அத்துவானத்துல தங்கச்சிக்கு எங்க போறது?" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை நாள்தான் மூடி மறைப்பது?

"அம்மணி, நீ குடுத்தது கெட்டுப்போச்சு. மறுபடியும் டயாலிசிஸ்தான்னு சொல்லிட்டாங்க" என்றேன். மாத்திரையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் இதழை மடியில் வைத்தாள். கை தானாக இடுப்புக்குப் போனது, அறுவைத் தழும்பு இருக்கும் பக்கம். கண் கலங்கிவிட்டது.

"என்னுதுல ஏதோ கோளாறு இருந்துருக்கும் போல இருக்குதுங்ண்ணா. மன்னிச்சுக்கோங்ண்ணா."

"இல்ல அம்மணி, அது நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் மாத்திரைய விட்டுப்போட்டேன்" என்று சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் உடனே சொல்லவில்லை. கோளாறு தன்னுடையதில்தான் என்று அவள் நினைப்பதே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று யோசித்தேன். நான் யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.